யோனாவின் மீனா, சங்கீதத்தின் கடலா? வீட்டுக்கல்வியில் திமிங்கலப் பாடம்

வீட்டில் வைத்தே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஏதாவது ஒரு வருடம் திமிங்கலம் வந்தே தீரும். ஓய்வுநாள் பள்ளியில், பெரிய மீன் விழுங்கிய தீர்க்கதரிசி யோனாவின் கதை கேட்ட பிள்ளை, "அந்த மீன் எவ்வளவு பெருசும்மா?" என்று ஆரம்பிக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஆறு வாரம் திமிங்கலத்தையே மையமாக வைத்து அறிவியல், கணக்கு, பூகோளம், எழுத்துப்பயிற்சி, வேதபாடம் எல்லாவற்றையும் நடத்திவிடலாமே என்று பெற்றோருக்கும் ஆசை வரும். நல்ல ஆசைதான். எந்த வழியில் போவது என்பதில்தான் தடுமாற்றம்.

நம்மவர்களிடம் நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. யோனா புத்தகத்தை முதுகெலும்பாக வைத்து நடத்துவது ஒன்று. அமெரிக்காவிலிருந்து வரும் கிறிஸ்தவ விலங்கியல் பாடப்புத்தகத்தை வாங்கி, அது சொல்கிறபடியே போவது இன்னொன்று. வெட்டி, ஒட்டி, மடித்துச் செய்யும் லேப்புக் என்ற மடிப்புக் கோப்பு மூன்றாவது. நான்காவது, உண்மையான திமிங்கலத்திலிருந்து தொடங்குவது: எலும்புக்கூடு, கடற்கரை, பழைய செய்தித்தாள், ஒலிப்பதிவு, கூடவே வேதபகுதியாக 104-ஆம் சங்கீதம். என் ஓட்டு நான்காவதற்கு. மற்றவை யாருக்குப் பொருந்தும், எங்கே இடறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யோனா வழி

இதன் பலம் வெளிப்படையானது. பிள்ளைக்குக் கதை ஏற்கெனவே தெரியும். நாலே அதிகாரம், நாடகமாக நடித்துவிடலாம். பூகோளமும் தானாக வந்து சேரும். யோனா கப்பலேறின யோப்பா, இன்றைய டெல் அவிவை ஒட்டிய யாஃபா. அவர் போகவேண்டியிருந்த நினிவே ஈராக்கில், மோசூல் நகருக்கு எதிரே டைக்ரிஸ் ஆற்றங்கரையில். வரைபடத்தில் குறிக்கச் சொன்னால், நினிவேக்குப் பக்கத்தில் கடலே இல்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். மீன் கக்கின கரையிலிருந்து தீர்க்கதரிசி எத்தனை நாள் நடந்திருப்பார் என்று ஒரு கணக்கு போடலாம். ஓவியத்துக்கும் விஷயம் உண்டு. ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆதி கிறிஸ்தவர்கள் யோனாவைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். அங்கே அவரை விழுங்குவது வால் சுருண்ட ஒரு கடல் பூதம். மூன்று நாள் கழித்து வெளியே வந்தவர் என்பதால் அவர்களுக்கு யோனா உயிர்த்தெழுதலின் அடையாளம்.

இனி சிக்கலுக்கு வருவோம். யோனா புத்தகத்தில் மொத்தம் 48 வசனங்கள். மீன் வருவது அதில் மூன்றே வசனத்தில். "ஒரு பெரிய மீன்" என்பதற்கு மேல் அதன் இனம், நிறம், பல் எதுவும் சொல்லப்படவில்லை. ஆறு வாரத் திமிங்கலப் பாடத்தை அந்த மூன்று வசனத்தின் தலையில் ஏற்றினால், இரண்டாம் வாரமே எல்லாம் ஒரே கேள்வியில் வந்து முட்டிக்கொள்ளும்: திமிங்கலத்தால் மனிதனை விழுங்க முடியுமா? உலகத்திலேயே பெரிய விலங்கான நீலத் திமிங்கலத்தின் தொண்டை குறுகலானது, ஆள் நுழைய வழியில்லை. பெருங்கணவாயை விழுங்கும் ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு அந்த அளவு தொண்டை உண்டு. 2021-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலில் சிங்கி இறால் பிடிக்க முக்குளித்த ஒருவர் ஹம்ப்பேக் திமிங்கலத்தின் வாய்க்குள் மாட்டி, அரை நிமிடம் போல இருந்து, துப்பப்பட்டு உயிர் பிழைத்தார். இதெல்லாம் சுவாரசியமான தகவல்தான். ஆனால் பாடம் இப்போது "நடந்திருக்குமா, நடந்திருக்காதா" என்ற வழக்காடலாக மாறிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் ஜேம்ஸ் பார்ட்லி கதையும் உள்ளே நுழையும். 1891-இல் ஃபாக்லாந்து தீவுகளுக்கு அருகே 'ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட்' கப்பலின் மாலுமி ஒருவரைத் திமிங்கலம் விழுங்கியதாகவும், அதன் வயிற்றைக் கிழித்தபோது தோல் வெளுத்து உயிரோடு கிடந்ததாகவும் சொல்வார்கள். தமிழ்ப் பிரசங்கங்களிலும் கேட்டிருப்பீர்கள். எட்வர்ட் டேவிஸ் என்ற அறிவியல் வரலாற்றாசிரியர், அவரும் கிறிஸ்தவர்தான், இந்தக் கதையைத் தடம்பிடித்துப் போய் 1991-இல் வெளியிட்டார். அந்தக் கப்பல் திமிங்கல வேட்டைக் கப்பலே இல்லை. அதில் தன் கணவரோடு பயணம் செய்த கேப்டனின் மனைவி, அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை என்று எழுதியே வைத்திருந்தார். பிள்ளை பதினைந்து வயதில் இதைத் தானாகத் தேடிப் படிக்கும். அன்றைக்கு அதற்குச் சந்தேகம் வருவது பார்ட்லியின் மேல் மட்டும் என்று நினைக்கிறீர்களா?

யோனா புத்தகம் முடிகிற இடம் மீன் வயிறு இல்லையே. நினிவேயின் இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களுக்காகவும், "அநேக மிருகஜீவன்களுக்காகவும்" பரிதபிக்கிற தேவனோடு அது முடிகிறது. தனக்குப் பிடிக்காதவர்கள் பிழைத்ததற்காகக் கோபித்துக்கொண்ட ஒருவரின் கதையை விலங்கியலுக்குள் அடைத்தால் அதன் கூர்மை போய்விடும். குடும்ப ஜெபத்தில் ஒரு வாரம் நாலு அதிகாரத்தையும் நிதானமாக வாசியுங்கள், போதும். நாலைந்து வயதுப் பிள்ளை மட்டும் இருக்கும் வீடு என்றால் பரவாயில்லை, யோனா வழியே நடக்கட்டும். அந்த வயதுக்குக் கப்பலும் புயலும் மீனுமே நிறைவான பாடம்.

வெளிநாட்டுப் பாடத்திட்டம்

ஆதியாகமத்தில் நீர்வாழ் உயிர்களும் பறவைகளும் ஐந்தாம் நாளில் வருவதால், அமெரிக்கக் கிறிஸ்தவ விலங்கியல் புத்தகங்களில் சில அந்த வரிசையிலேயே கட்டப்பட்டிருக்கும். படம் அழகு, தாள் தரம், செய்முறை ஒவ்வொன்றும் படிப்படியாக, வாரவாரியாக அட்டவணை, ஆசிரியர் கையேடு, விடைகள். வேலைக்கும் போய்க்கொண்டு பிள்ளையையும் படிக்கவைக்கும் அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தானே ஆங்கிலத்தில் சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு இன்னும் சுலபம். அடியும் பவுண்டும் கேலனுமாக அளவுகள் வரும், அவற்றை மீட்டருக்கும் கிலோவுக்கும் மாற்றச் சொன்னால் அதுவே கணக்குப் பாடம். விலைதான் உறுத்தும். அனுப்பும் செலவும் சேர்ந்தால் ஒரு திமிங்கல அத்தியாயத்துக்காக வாங்க மனசு வராது.

விலையைவிட யோசிக்கவேண்டிய ஒன்று உண்டு. இந்தப் புத்தகங்களில் கணிசமானவை, பூமிக்கு வயது சில ஆயிரம் வருடங்கள்தான், பரிணாமம் பொய் என்ற நிலைப்பாட்டில் எழுதப்பட்டவை. அதுவே உங்கள் விசுவாசம் என்றால் தெரிந்துதான் வாங்குவீர்கள். தெரியாமல் வாங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லா சபைகளும் அப்படிப் போதிப்பதில்லை. 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றே பாப்பரசரின் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். நடைமுறைக் காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப்பாடம். நம் பிள்ளை எந்த வாரியத்தின் வழியாகத் தேர்வு எழுதினாலும், உயிரியலில் போகப்போக இதைச் சந்தித்தே ஆகவேண்டும்.

அதிலும் திமிங்கலம் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாத விலங்கு. நிலத்தில் நடந்த பாலூட்டிகளிலிருந்து திமிங்கலம் வந்த கதையின் முக்கியமான எலும்புகள் நம் துணைக்கண்டத்தில்தான் கிடைத்தன. பாகிஸ்தானில் பாக்கிசீட்டஸ், குஜராத்தின் கச்சில் கச்சிசீட்டஸ். ஜம்மு காஷ்மீரின் காலாகோட்டில் ஏ. ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் சேகரித்த பாறைகள் அவர் காலத்துக்குப் பிறகும் பெட்டிகளில் கிடந்தன. அவற்றை அவர் மனைவி ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். அதில் ஒரு மண்டையோடு தற்செயலாக உடைந்தபோது, திமிங்கலங்களுக்கே உரியது என்று அதுவரை கருதப்பட்ட காது எலும்பு அமைப்பு உள்ளே தெரிந்தது. பூனையைவிடச் சற்றுப் பெரிய, மானைப் போன்ற அந்த விலங்குதான் இன்டோஹையஸ். 2007-இல் ஆய்வு வெளியானது. இந்த வரலாறு வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பாடத்தில் இருக்காது, இருந்தாலும் மறுப்பதற்காக இருக்கும். நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், பத்து வயதைத் தாண்டிய பிள்ளையிடம் அந்த எலும்பைக் காட்டி, "விஞ்ஞானிகள் இப்படிச் சொல்கிறார்கள், இந்தக் காரணத்தால் சொல்கிறார்கள், நம் வீட்டில் ஆதியாகமத்தை இப்படி வாசிக்கிறோம்" என்று மேஜையில் வைத்துவிடுவது நேர்மை. அடுத்தவர் வாயிலிருந்து முதல்முறையாகக் கேட்கும்படி விடவேண்டாம்.

லேப்புக்

சின்னக் கைகளுக்கு நல்ல வேலை, பாட்டி தாத்தாவிடம் காட்ட ஒரு பொருளும் கிடைக்கும். அச்செடுக்க இலவசத் தாள்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் ஒட்டி முடித்த பிறகு கேட்டுப் பாருங்கள், கத்தரித்த வடிவம் நினைவிருக்கும், உள்ளே எழுதினது இருக்காது. வேறு எந்த வழியில் போனாலும் கடைசி வாரத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். தனி வழியாக வைத்துக்கொள்ள இதில் சரக்குப் போதாது.

கடலிலிருந்து தொடங்கினால்

104-ஆம் சங்கீதத்தை (கத்தோலிக்க வீடுகளில் திருப்பாடல் 104) நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், அது யாரையும் எதையும் நிரூபிக்கச் சொல்வதில்லை. கடலைக் காட்டுகிறது. கப்பல் ஓடுகிறது, "அதிலே விளையாடும்படி நீர் உண்டாக்கின லிவியாதானும்" இருக்கிறது, எல்லா உயிரும் ஏற்ற வேளையில் ஆகாரத்துக்குக் காத்திருக்கிறது, சுவாசத்தை எடுத்துக்கொண்டால் மாண்டு மண்ணுக்குத் திரும்புகிறது. லிவியாதான் திமிங்கலம்தானா என்பதில் வேத அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. அதைப் பிள்ளையிடம் அப்படியே சொல்லிவிடலாம், பாடம் ஒன்றும் கெட்டுப்போகாது. விளையாட்டு, ஆகாரம், சுவாசம், மரணம் என்று வாரங்களைப் பிரிக்க இந்த வசனங்களே போதும்.

விளையாட்டு வாரத்தில் ஹம்ப்பேக்கின் பாட்டைக் கேட்கச் செய்யுங்கள். 1971-இல் ரோஜர் பெயினும் ஸ்காட் மெக்வேயும், அந்தச் சத்தங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு இருக்கிறது, அது பாட்டுதான் என்று எழுதினார்கள். அமெரிக்க அரசின் கடல்-வளிமண்டல நிர்வாகம் ஒலிப்பதிவுகளை இலவசமாகவே வைத்திருக்கிறது. கீர்த்தனையில் பல்லவி திரும்பி வருவது தெரிந்த பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும். அரபிக்கடலில் ஓமன் பக்கம் ஒரு ஹம்ப்பேக் கூட்டம் இருக்கிறது. மற்ற ஹம்ப்பேக்குகள் துருவத்துக்கும் வெப்பக்கடலுக்கும் வருடாவருடம் போய்வர, இவை அப்படிப் போவதில்லை. எண்ணிக்கை நூறுக்கும் குறைவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆகார வாரத்துக்குச் சந்தையில் கூனி வாங்கிவாருங்கள். திமிங்கலத்தின் இரையான கிரில் வேறு இனம், ஆனால் நீலத் திமிங்கலம் எவ்வளவு சின்ன உயிரைத் தின்று அந்த உடம்பை வளர்க்கிறது என்பதை உள்ளங்கையில் வைத்துக் காட்ட இதைவிட நல்ல பொருள் இல்லை. ஒரு பேசின் தண்ணீரில் கூனியைத் தூவி, ஒரு பிள்ளையிடம் இடுக்கியும் இன்னொரு பிள்ளையிடம் டீ வடிகட்டியும் கொடுங்கள். பல்லுள்ள திமிங்கலத்துக்கும் சல்லடைத் தகடுள்ள திமிங்கலத்துக்கும் வித்தியாசம் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். நீலத் திமிங்கலக் குட்டி தாய்ப்பாலிலேயே நாளுக்குச் சுமார் 90 கிலோ எடை கூடும். "அப்ப மீனில்லையா?" என்ற கேள்வி இங்கே வரும். வால் மேலும் கீழுமாக அசைவதையும், மீனின் வால் பக்கவாட்டில் அசைவதையும் காணொளியில் பக்கத்தில் பக்கமாகப் போட்டுக் காட்டுங்கள்.

சுவாச வாரத்தில் எண்கள் நிறைய. பிள்ளை தன் நாடியைத் தானே எண்ணட்டும், நிமிடத்துக்கு எண்பது தொண்ணூறு வரும். கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் ஒரு நீலத் திமிங்கலத்தின் மேல் கருவி ஒட்டி இதயத் துடிப்பை முதல்முறையாக அளந்தார்கள், 2019-இல் ஆய்வு வெளியானது. ஆழத்தில் நிமிடத்துக்கு இரண்டு வரை இறங்கியது. மேலே வந்து மூச்சு வாங்கும்போது 37 வரை ஏறியது. கூவியர் அலகுத் திமிங்கலம் ஒன்று 222 நிமிடம் மூழ்கியிருந்தது பதிவாகியிருக்கிறது. மூச்சடக்கிப் பார்க்க எல்லாப் பிள்ளைக்கும் கை துறுதுறுக்கும். தரையில் உட்கார்ந்து மட்டும் செய்யட்டும், தொட்டியிலோ கிணற்றிலோ கூடவே கூடாது. கொழுப்புப் படலம் குளிரை எப்படித் தடுக்கிறது என்பதற்கு, இரண்டு பிளாஸ்டிக் பைக்கு நடுவே டால்டாவை நிரப்பி, கையை அதற்குள் விட்டு ஐஸ் தண்ணீரில் வைத்துப் பார்ப்பது பழைய செய்முறை. இன்றைக்கும் அதுவே சிறந்தது.

மரண வாரம் கனமானது. தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாடு. 2016 ஜனவரியில் அந்தக் கடற்கரையோரம் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரையேறின. மீனவர்கள் கயிறு கட்டிப் படகில் இழுத்துக் கடலுக்குள் விட்டார்கள். விட்டவற்றில் சில திரும்பவும் கரைக்கே வந்தன. செத்தவற்றைக் கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். 1973 ஜனவரியில் இதே பகுதியில் 147 ஒதுங்கியிருக்கின்றன. ஏன் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. இவை கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம், ஒன்று வழிதவறினால் மற்றவையும் கூடவே போகும் என்பது ஒரு விளக்கம். தரையில் அவை சாவதற்குக் காரணம் தெளிவு. தண்ணீர் தாங்கிய எடை இப்போது நெஞ்சை அமுக்குகிறது, குளிருக்குக் காப்பான அதே கொழுப்பு வெயிலில் உடம்பை வேகவைக்கிறது. டால்டா செய்முறை நினைவுள்ள பிள்ளை இதை நீங்கள் சொல்லாமலே சொல்லும்.

"இயேசப்பா ஏன் அதுங்களைக் காப்பாத்தல?" என்று கேட்கும், தயாராக இருங்கள். சங்கீதத்தின் 29-ஆம் வசனத்தை வாசிக்கலாம், அது மரணத்தை மறைப்பதில்லை. அதற்குமேல் அழகான விளக்கம் ஒன்றைத் தைத்துக் கொடுக்க முயலாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். படகை இழுத்தவர்களைப் பற்றிப் பேசுங்கள், அது பிள்ளைக்குப் பிடிகிடைக்கும்.

மணப்பாட்டுக்கே போக முடிந்தால் போங்கள். குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, கீழே கடல். 2016-ஐ நேரில் பார்த்தவர்கள் ஊரில் இருப்பார்கள், கேட்டால் சொல்வார்கள். பிள்ளை கையில் நோட்டோடு அவர்களிடம் கேள்வி கேட்டு எழுதினால் அதுவே அந்த வாரத்துத் தமிழ்க் கட்டுரை. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தின் விலங்கியல் பகுதியில் திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. துடுப்புக்குள்ளே நம் கையைப் போலவே விரல் எலும்புகள் இருப்பதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இலங்கையில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். திருகோணமலையில் ஆழ்கடல் கரைக்கு மிக அருகே வந்துவிடுவதால், பருவத்தில் கோணேசர் மலையில் நின்றே நீலத் திமிங்கலம் ஊதுவதைப் பார்க்க வாய்ப்புண்டு. தென்கரையில் உள்ள மிரிஸ்ஸவிலிருந்து படகிலும் போகலாம், ஆனால் அலை மோதும் படகில் ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வாந்தி எடுத்ததைத்தான் நினைவில் வைத்திருக்கும்.

கரையில் எலும்போ, மெழுகுக் கட்டி மாதிரி ஏதாவதோ கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம், ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அம்பர்கிரிஸ் என்ற அந்தக் கட்டியை வைத்திருந்து கைதானவர்கள் செய்தியில் அடிக்கடி வருகிறார்கள். ஒதுங்கிய திமிங்கலத்தைப் பார்த்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆயத்தமாக எதுவும் கையில் வராது. ஒவ்வொரு வாரமும் தேடி எடுக்க ஒரு மாலையாவது போகும். தமிழில் பிள்ளைகளுக்கான திமிங்கலப் புத்தகம் குறைவு என்பதால் நீங்களே வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த நேரம் இல்லாத வீட்டில், வெளிநாட்டுப் புத்தகத்தின் திமிங்கல அத்தியாயத்தை மட்டும் யாரிடமாவது இரவல் வாங்கிச் செய்முறைகளை எடுத்துக்கொண்டு, வேதபகுதிக்குச் சங்கீதத்தையும் ஒருநாள் அருங்காட்சியகத்தையும் சேர்த்தால் பாதிக் கிணறு தாண்டியதாகிவிடாது, முழுசாகவே தாண்டிவிடலாம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இன்னொன்று சேருங்கள். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில் திமிங்கல வேட்டையைப் பெருந்தொழிலாக நடத்தியவர்களில் பெரும்பாலோர் குவேக்கர்கள், போரையே மறுத்த கிறிஸ்தவர்கள். விளக்கெரிக்கும் எண்ணெய்க்காகத் திமிங்கலத்தைக் கொல்வது அவர்களுக்கு உறுத்தவில்லையா என்று எழுதச் சொல்லலாம். வணிக வேட்டைக்கு 1986-இல்தான் உலக அளவில் தடை அமலுக்கு வந்தது.

முதல் வாரத்துக்கு வேண்டிய சாமான் அதிகமில்லை. முப்பது மீட்டர் கயிறு, இரண்டு கிலோ கோலமாவு, கூட நாலு பிள்ளைகள். நீலத் திமிங்கலத்தை முழு அளவில் வரைய வீட்டு மொட்டைமாடி பத்தாது, ஆலய வளாகம்தான் சரி. போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ முன்கூட்டியே கேட்டு, சனிக்கிழமை சாயங்காலம் வரையுங்கள். ஞாயிறு காலை ஆராதனைக்கு வருகிறவர்கள் கண்ணிலிருந்து வால் வரை நடந்து பார்க்கட்டும். பைக் நிறுத்தும் இடத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.